நகைக்கும் உவகைக்கும் இடையில்: ‘மன்மதன் அம்பு’ திரைப்படத்தில் நகைச்சுவை நழுவும் முறை

ஆய்வுச் சுருக்கம்

காதலையும் நகைச்சுவையையும் இணைத்துக் கதை சொல்லும் திரைப்படங்கள் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அவற்றுள் வென்றவை பலவாறு ஆராயப்பட்டுள்ளன. சிரிக்க வைக்க முனைந்து தவறியவை ஆய்வில் மிகுதியும் இடம்பெறவில்லை. இக்கட்டுரை 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மன்மதன் அம்பு’ திரைப்படத்தை எடுத்துக்கொண்டு, அதில் நகை ஏன் நிலைபெறவில்லை என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையுடன் ஆராய்கிறது. திருவக்கரை அமைந்துள்ள விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தெருக்கூத்து மரபு ஒப்புநோக்குக்குக் கொள்ளப்படுகிறது. அவலம் கலப்பதால் மட்டும் நகை கெடுவதில்லை என்பதும், பொய்யின் விலையைக் குற்றமற்றவர் செலுத்தும்போதும் நகையைத் தாங்குவதற்குரிய பாத்திரம் இல்லாதபோதும் அது கெடுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, உவகை, அழுகை, மடன், கட்டியங்காரன், காதல் நகைச்சுவைத் திரைப்படம்.

முன்னுரை

ஒரு நாடகத்திலோ திரைப்படத்திலோ சோகக் காட்சி பொருந்தாது போனால் பார்வையாளர் பெரும்பாலும் அமைதியாக இருந்துவிடுவர். நகைச்சுவைக் காட்சி பொருந்தாது போனால் அந்த அமைதியே தோல்வியின் அறிவிப்பாகிறது. சிரிப்பு உடலில் வெளிப்படும் உணர்வாதலின் அதனைக் கட்டாயப்படுத்திப் பெறவியலாது. உள்ளத்து நிகழ்வது உடலில் வெளிப்படுதலே மெய்ப்பாடு எனக் கொண்ட தமிழ் இலக்கண மரபுக்கு, சிரிப்பு எழாமையும் ஆராயத்தக்க ஒரு பொருளேயாகும்.

கே. எஸ். ரவிக்குமார் இயக்கத்தில், கமல்ஹாசன் கதை, திரைக்கதை, உரையாடல் எழுதி நடித்த ‘மன்மதன் அம்பு’ 2010 டிசம்பர் 23 அன்று வெளிவந்தது. திரிஷா, மாதவன், சங்கீதா ஆகியோர் உடன் நடித்தனர். தேவி ஸ்ரீ பிரசாத் இசையமைத்தார். இயக்குநரும் நடிகரும் இதற்கு முன்னரே ‘அவ்வை சண்முகி’ (1996), ‘தெனாலி’ (2000), ‘பஞ்சதந்திரம்’ (2002) எனும் மூன்று நகைச்சுவைப் படங்களில் இணைந்து பணியாற்றியவர்கள். எனவே இப்படத்தின் நழுவலுக்குத் திறமைக் குறைவைக் காரணமாகக் காட்டவியலாது. காரணத்தைக் கதைக்கட்டிலேயே தேடவேண்டியுள்ளது.

அத்தேடலுக்கு இக்கட்டுரை இரண்டு அளவுகோல்களைக் கொள்கிறது. ஒன்று தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டு முறை. மற்றொன்று தெருக்கூத்து. திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலப்பகுதி தெருக்கூத்து இன்றும் வழங்கிவரும் பகுதியாகும். சங்கராபரணி ஆற்றங்கரையில், சம்பந்தர் பாடல்பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயிலையும் வக்கிரகாளி சந்நிதியையும் உடைய திருவக்கரை இப்பகுதியைச் சேர்ந்தது. இவ்வட்டார மக்கள் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள், திரைப்படமும் பார்ப்பவர்கள். அழுகையும் சிரிப்பும் ஒரே இரவில் அடுத்தடுத்து நிகழும் கலையைக் கண்டு பழகியவர்கள். அவலம் கலந்த கதையில் நகை நிலைபெறுமா எனும் வினாவுக்கு இம்மரபு நேரடிச் சான்றாக அமைகிறது.

நகையும் உவகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களில் பிறப்பதாகக் கூறுகிறார். எண்வகையுள் முதலில் நிற்பது நகை. இறுதியில் நிற்பது உவகை. நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றின்கண் பிறக்கிறது. உவகையின் களங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன.

காதல் நகைச்சுவை என இன்று வழங்கப்படும் திரைவகையை இவ்விரு மெய்ப்பாடுகளின் சேர்க்கையாகக் கொள்ளலாம். காதலர் கூடுதல் உவகையின்பாற்படும். அக்கூட்டத்துக்கு இடையில் நேரும் தடுமாற்றங்கள் நகையின்பாற்படும். காதலின் இறுதி மகிழ்ச்சி உறுதி என்று பார்வையாளர் நம்பும்போதே இடைப்பட்ட தடுமாற்றங்கள் சிரிப்புக்குரியன ஆகின்றன. உவகை அரணாக நிற்க, அதன் காவலில் நகை விளையாடுகிறது எனலாம்.

‘மன்மதன் அம்பு’ உவகையின் களங்களைக் குறைவின்றிப் பெற்றுள்ளது. கதைத்தலைவி புகழும் பொருளும் உடைய நடிகை. கதை நிகழும் இடம் மத்தியதரைக் கடலில் செல்லும் சுற்றுலாக் கப்பல். விளையாட்டு எனும் களத்துக்கு உரை கண்ட பேராசிரியர், ஊரை விட்டு நீங்கி நீர்நிலையும் சோலையும் ஆடிக் களித்தலை அதன்கண் அடக்குவர். கப்பற் பயணம் அவ்விளக்கத்துக்கு இக்கால வடிவம் போன்றுள்ளது. தலைப்பும் காமவேளின் கணையைக் குறிக்கிறது. அதனோடு மன்னார், மதன், அம்பு எனும் மூன்று பாத்திரப் பெயர்களும் அத்தலைப்பில் மறைந்துள்ளன. தலைப்பிலேயே சொல்விளையாட்டு அமைத்த படம் தன்னை நகையும் காதலும் கலந்த படமாகவே முன்வைக்கிறது. ஆதலின் அதனை அவ்வகையின் அளவுகோலால் மதிப்பிடுதல் முறையேயாகும்.

கதைக்கட்டு

நடிகை நிஷா எனும் அம்புஜாக்ஷியைச் செல்வந்தர் மதனகோபால் காதலிக்கிறார். அவளோ உடன் நடிப்பவரோடு தொடர்புடையவள் என்ற ஐயம் அவருக்கு உண்டு. மகிழுந்தில் செல்கையில் இவ்வையம் குறித்து மூளும் வாக்குவாதம் விபத்தில் முடிகிறது. மற்றொரு வண்டி கவிழ்கிறது. இருவரும் பிரிகின்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் அம்பு, மணவிலக்குப் பெற்ற தோழி தீபாவுடனும் அவள் குழந்தைகளுடனும் ஐரோப்பியச் சுற்றுலா செல்கிறாள். அவளைப் பின்தொடர்ந்து உளவறிய மதன் ஓய்வுபெற்ற படையதிகாரி மன்னாரை அமர்த்துகிறார். மன்னாரின் நண்பர் ராஜன் புற்றுநோயால் மருத்துவமனையில் இருக்கிறார்; அவர் மருத்துவச் செலவுக்காகவே மன்னார் இவ்வேலையை ஏற்கிறார்.

அம்புவிடம் குற்றமேதும் இல்லை என மன்னார் தெரிவிக்கிறார். குற்றம் இல்லையெனின் கூலியும் இல்லை எனும் நிலை எழுகிறது. நண்பரின் உயிரைக் காக்கப் பணம் வேண்டிய மன்னார், அவளுக்கு மறைமுகத் தொடர்பு உள்ளதெனப் பொய் கூறுகிறார். பின்னர் அவளோடு நேரில் பழக நேர்கிறது. முன்னர் நேர்ந்த விபத்தில் இறந்தவள் மன்னாரின் மனைவி என்பது வெளிப்படுகிறது. வெனிஸ் நகரில் மதன் வந்து சேர, ஆள்மாறாட்டமும் ஓட்டமும் நிறைந்த இறுதிப்பகுதி நிகழ்கிறது. மன்னாரும் அம்புவும், மதனும் தீபாவும் இணையக் கதை முடிகிறது.

அழுகையின் நான்கு களங்கள்

மேற்கூறிய கதைச்சுருக்கத்தை நோக்கினால், நகைக் கதையின் அடித்தளத்தில் வேறொரு மெய்ப்பாடு முழுமையாக அமைந்திருப்பது புலனாகும். அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இந்நான்கும் இப்படத்தில் தனித்தனியே இடம்பெற்றுள்ளன.

பிறர் இகழ்தலால் வரும் சிறுமை இளிவு. தொழிலின் காரணமாகவே ஒழுக்கம் ஐயுறப்படும் அம்புவின் நிலை இதுவாகும். உறவையும் இன்பத்தையும் இழத்தல் இழவு. மனைவியை இழந்த மன்னார் இதற்குரியவர். முன்னிருந்த நல்ல நிலை குலைந்து துன்புறுதல் அசைவு. நோய்ப்படுக்கையில் இருக்கும் ராஜனும் அவர் மனைவியும் இதனைத் தாங்குகின்றனர். வறுமையைப் பொருளின்மை எனும் நேர்ப்பொருளில் கொண்டால், மருத்துவச் செலவுக்குப் பணமின்மை கதையை இயக்கும் விசையாகவே உள்ளது.

மேலும், படத்தின் கலைநுட்பம் மிகச் சிறந்து விளங்குவதும் அழுகையின்பால்தான். மன்னாரின் மணவாழ்வை நினைவுகூரும் ‘நீல வானம்’ எனத் தொடங்கும் பாடற்காட்சி பின்னோக்கி ஓடும் காட்சியமைப்பைக் கொண்டது. இழப்பிலிருந்து மகிழ்ச்சியை நோக்கிக் காலம் திரும்புவதாக அமைந்த இக்காட்சி படத்தின் மிக நுட்பமான பகுதியாகும். பார்வையாளர் உள்ளத்தில் ஆழப் பதிவதும் இதுவே. இதன்பின் வரும் ஓட்டமும் மறைதலும் இக்காட்சியின் கனத்தைச் சுமந்தவாறு நிகழவேண்டியுள்ளன.

அழுகை மிகுந்தமையால் நகை கெட்டது என இவ்விடத்திலேயே முடிவு கூறுதல் எளிது. ஆயினும் அது போதிய விளக்கமன்று என்பதைப் பிற படங்கள் காட்டுகின்றன.

அவலம் இருந்தும் நகை வென்ற படங்கள்

எல். வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’ (1955) வறுமையில் தொடங்கும் கதை. வேலையற்ற இருவர் ஆசிரியப் பணி பெறுவதற்காகக் கணவன் மனைவியாக நடிக்கின்றனர். கதைத்தலைவியின் குடும்பத்தைக் கடன் நெருக்குகிறது. பள்ளி நடத்தும் பெரியவர் தம் மகளை இளமையில் தொலைத்தவர். வறுமையும் இழவும் இருந்தும் படம் முழுவதும் நகை குன்றவில்லை. அங்கும் ஒருவர் கதைத்தலைவியைப் பற்றித் துப்பறிகிறார். தங்கவேலு ஏற்ற அப்பாத்திரம் துப்பறியும் ஆர்வம் மிகுந்த, தன் அறிவை மிகையாக மதிக்கும் பாத்திரம். அவர் துப்பறிதலின் விளைவாக அப்பெண் தன் பெற்றோரைப் பெறுகிறாள்.

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) பொய்யின் மேல் கட்டப்பட்டது. காதலன் தன்னைச் செல்வர் மகன் எனக் கூறிக்கொள்ள, முத்துராமன் ஏற்ற நண்பன் முதியவர் வேடமிட்டு அவன் தந்தையாகிறான். ஏமாறுபவர் பாலையா ஏற்ற விசுவநாதன். செல்வத்தின்மேல் அவர் கொண்ட பற்றே அவரை ஏமாறச் செய்கிறது. எனவே பொய்யின் விலையை அவருடைய பேராசையே செலுத்துகிறது.

‘பஞ்சதந்திரம்’ இவ்வாய்வுக்கு மிக நெருங்கிய ஒப்பீடாகும். இயக்குநரும் நடிகரும் அவர்களே. அதிலும் ஐயம் உண்டு. மனைவி கணவனை ஐயுற்றுப் பிரிகிறாள். அதிலும் சாவு உண்டு. விடுதி அறையில் ஒரு பெண் இறந்துகிடப்பதாக நண்பர்கள் அஞ்சி, உடலை அப்புறப்படுத்த அலைகின்றனர். ஆயினும் அங்கு ஐயத்துக்கு ஆளாகிறவன் ஆண். அவன் முற்றிலும் மாசற்றவனும் அல்லன். சாவோ நடிப்பு, இறந்தவள் மீண்டும் வருகிறாள். இழவு பொய்யென வெளிப்படுவதால், அதற்கு முன் சிரித்த சிரிப்புக்குப் பார்வையாளர் வருந்த வேண்டியதில்லை. அப்படத்தின் உரையாடலைக் கிரேசி மோகன் எழுதினார். சொல்லைத் தவறாகக் கேட்பதும் திருப்பிச் சொல்வதும் இடைவிடாது நிகழும் அவ்வுரையாடல் பார்வையாளர் நின்று வருந்துவதற்கு இடமளிப்பதில்லை.

இம்மூன்று படங்களையும் ‘மன்மதன் அம்பு’ படத்தையும் ஒருசேர நோக்கினால், வேறுபாடு அவலத்தின் அளவில் இல்லை என்பது தெளிவாகும். வேறுபாடு மூன்றிடங்களில் உள்ளது: மடனின் பயன்பாடு, பொய்யின் விலை, நகையைத் தாங்கும் பாத்திரம்.

மடன்: வீணான களம்

நகையின் களங்களுள் பேதைமையும் மடனும் ஒன்றேபோல் தோன்றினும் உரையாசிரியர் அவற்றை வேறுபடுத்துவர். பேதைமை அறியாமை. மடன் ஒருவர் சொல்லக் கேட்டதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். அறியாதவனுக்கு உண்மையைக் காட்டினால் தெளிவான். மடனுடையவன் உண்மையைக் காட்டியபின்னும் கொண்டதை விடான். நகைக்கு மடன் வளமான களமாதற்கு இதுவே காரணம்.

மதனின் ஐயம் மடனுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். குற்றமில்லை எனும் செய்தியே அவருக்கு ஏமாற்றமளிக்கிறது. தான் தேடிய குற்றத்தைக் காட்டாத உளவாளிக்குக் கூலி தர மறுக்கிறார். உண்மைக்குக் கூலி இல்லை, பொய்க்குக் கூலி உண்டு எனும் இந்நிலை கூர்மையான எள்ளலுக்கு இடம் தருவது. ஐயுறும் ஆணின் உள்ளத்தை இதனினும் சுருக்கமாக நகையாடுதல் அரிது. படத்தின் மிகச் சிறந்த நகைக்கரு இதுவே எனலாம்.

ஆயினும் இக்கரு முதிர்வதற்கு முன்னரே அந்த ஐயத்தால் ஓர் உயிர் போயிருக்கிறது. மடன் தன்னை உடையவனையே இடறச் செய்யும்வரை நகைக்குரியது. அது பிறரைக் கொல்லுமாயின் நகையின் எல்லையைக் கடந்து வெகுளிக்கும் அழுகைக்கும் உரியதாகிறது. மதன் தொலைபேசியில் புலம்பும்போதும் மதுவுண்டு தடுமாறும்போதும் மாதவனின் நடிப்பு சிரிப்பை வேண்டி நிற்கிறது. விபத்தின் பொருளை அறிந்த பார்வையாளர் அவ்வேண்டுகோளுக்கு முழுமனத்துடன் இசைய இயலவில்லை.

பொய்யின் விலை

காதல் நகைச்சுவைக் கதைகள் யாவற்றிலும் பொய் உண்டு. வேடம், பெயர்மாற்றம், மறைத்தல் ஆகியன இன்றி அவ்வகை இல்லை. எனவே பொய் உண்டா என்பதைவிட, அதன் விலையைச் செலுத்துகிறவர் யார் என்பதே கேட்கத்தக்க வினா. ‘மிஸ்ஸியம்மா’ படத்தில் பொய் கூறிய இருவருமே அதன் இடர்களைச் சுமக்கின்றனர். ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் பேராசை சுமக்கிறது. ‘பஞ்சதந்திரம்’ படத்தில் பொய் கூறிய நண்பர்களே மேலும் மேலும் சிக்கிக்கொள்கின்றனர். மூன்றிலும் பொய் தன்னைப் பிறப்பித்தவரிடமோ தன்னை வரவழைத்த குற்றத்திடமோ திரும்பிச் செல்கிறது.

‘மன்மதன் அம்பு’ படத்தில் மன்னார் கூறும் பொய்யின் விலை அம்புவின் பெயர். அவள் அப்பொய்யை அறியாள்; அதனால் பயனும் பெறாள். ஏற்கெனவே ஐயத்தால் காயப்பட்டவள்மேல் மீண்டும் அதே காயம் அவள் அறியாமலே ஏற்றப்படுகிறது. பொய் கூறியவரையும் பார்வையாளர் எள்ள இயலாது. அவர் பொய் ஒரு நோயாளியின் உயிருக்காகக் கூறப்பட்டது. எள்ளப்படத்தக்கவர் எவருமின்றிப் பொய் வளர்கிறது. நகையின் முதற்களமாகிய எள்ளல் இவ்வாறு இலக்கின்றி நின்றுவிடுகிறது.

அறிவுப் பங்கீடும் இதனோடு இணைந்தது. முதியவர் வேடத்தினுள் இளைஞன் இருப்பதை அறிந்த பார்வையாளர், அதனை அறியாத விசுவநாதனைக் காணும்போது அவர்களின் கூடுதல் அறிவு சிரிப்பாக மாறுகிறது. அம்புவைக் காணும் பார்வையாளரின் கூடுதல் அறிவோ இரக்கமாக மாறுகிறது. அவள் சிரிக்கும் ஒவ்வொரு காட்சியிலும், அவளுக்குத் தெரியாததைத் தாம் அறிந்திருப்பது பார்வையாளரை உறுத்துகிறது.

கூத்தின் சான்று: நகையைத் தாங்குபவன்

அவலமும் நகையும் ஒன்றாக நிற்கும் முறையைத் தெருக்கூத்திலிருந்து அறியலாம். விழுப்புரம் மாவட்டப் பகுதிகளில் திரௌபதி அம்மன் விழாக்களையொட்டிப் பாரதக் கதைகள் கூத்தாக நிகழ்த்தப்படுகின்றன. செஞ்சிப் பகுதியை மையமாகக் கொண்டு ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வழிபாட்டு மரபை உலக ஆய்வாளர்க்கு விரிவாக அறிமுகப்படுத்தியது. துகிலுரிதல், அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் முதலிய கூத்துகள் யாவும் இழவையும் இளிவையும் மையமாகக் கொண்டவை. அவையனைத்திலும் கட்டியங்காரன் தோன்றிச் சிரிக்க வைக்கிறான்.

கட்டியங்காரன் கதையைத் தொடங்கி வைப்பவன். திரைக்குப் பின் நிற்கும் வேடத்தை யாரென வினவி அவைக்கு அறிமுகம் செய்பவன். காவலனாகவும் ஏவலனாகவும் தேவைக்கேற்ப மாறுபவன். அரசர் செய்யுளும் பாட்டுமாகப் பேசும்போது அவன் ஊர்ப்பேச்சில் மறுமொழி கூறுகிறான். அவன் துரியோதனனின் அவையிலும் இருக்கிறான். கூத்து நிகழும் ஊரின் நிகழ்காலத்திலும் இருக்கிறான். கதையின் துன்பம் அவனுடையதன்று. அவனுக்கு இழக்க எதுவுமில்லை. ஆகையால் அவனால் எழும் சிரிப்பு துன்புறுபவரைத் தொடுவதில்லை.

கர்ண மோட்சம் காதலும் ஊடலும் சாவும் ஒருங்கே அமைந்த கூத்து. பிறப்பைக் காரணங்காட்டிக் கணவனை இகழ்ந்த பொன்னுருவியிடம், போருக்குச் செல்லும் கர்ணன் விடைபெறும் கட்டம் அதன் உயிர்ப்பகுதி. அவன் மீளான் என்பதை அவையிலுள்ள அனைவரும் அறிவர். அதே இரவில் அதே அவையினர் கட்டியங்காரனின் பேச்சுக்குச் சிரிக்கவும் செய்கின்றனர். சிரிப்பு கர்ணனிடமிருந்து வருவதில்லை. கர்ணன்மேல் விழுவதும் இல்லை.

எல்லை வகுத்தலும் இம்மரபில் உண்டு. துகிலுரிதல் கட்டம் நெருங்கும்போது ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டி வணங்கும் வழக்கம் பலவிடங்களில் உள்ளது. அதுவரை சிரித்த அவைக்கு, இனிச் சிரிப்பில்லை எனும் அறிவிப்பாகவும் அவ்வழிபாடு அமைகிறது. நகையும் அழுகையும் கலக்கலாம். ஆனால் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் அவைக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதைக் கூத்து தன் நிகழ்த்துமுறையால் உணர்த்துகிறது.

வென்ற திரைப்படங்களில் இக்கட்டியங்காரனின் இடத்தை நிரப்பும் பாத்திரங்கள் உள்ளன. ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் ஏற்ற செல்லப்பா, காதற்சிக்கலுக்கு வெளியே திரைப்படம் எடுக்கும் ஒரே வேட்கையுடன் திரிபவன். தந்தைக்கு அவன் பேய்க்கதை கூறும் காட்சியில் அச்சமும் நகையாக மாறுகிறது. ‘மிஸ்ஸியம்மா’ படத்தில் துப்பறிபவரும் ‘பஞ்சதந்திரம்’ படத்தில் நண்பர்களும் இவ்விடத்தைப் பெறுகின்றனர்.

‘மன்மதன் அம்பு’ படத்தில் இவ்விடத்துக்கு இருவர் அணுகி வருகின்றனர். ஒருவர் குஞ்சன் ஏற்ற குருப்பு. நடிகையை ஒப்பந்தம் செய்யக் கப்பலில் பின்தொடரும் மலையாளத் தயாரிப்பாளரான அவர் கதையின் துன்பத்துக்கு வெளியே நிற்பவர்; அவ்வகையில் கட்டியங்காரனாகத் தக்கவர். ஆயினும் அவர் மொழியும் ஆர்வமிகுதியுமே நகைக்குரியனவாகக் காட்டப்படுகின்றன. கதைமாந்தரின் தடுமாற்றத்தை எடுத்துச்சொல்லும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. கட்டியங்காரன் பிறரைப் பார்த்துச் சிரிப்பவன். குருப்போ பிறர் பார்த்துச் சிரிக்க வைக்கப்பட்டவர்.

மற்றவர் சங்கீதா ஏற்ற தீபா. கூரிய பேச்சும் உலகியலறிவும் உடைய அவளே படத்தில் மிகுதியும் இயல்பான சிரிப்பைத் தருபவள். தன் மணமுறிவைத் தானே எள்ளும் துணிவும் அவளுக்கு உண்டு. எள்ளல் பிறரை இகழ்தலால் மட்டுமன்றித் தன்மேல் வந்த இகழ்ச்சியாலும் நகை பிறப்பிக்கும் எனும் உரைமரபை இப்பாத்திரத்தில் காணலாம். ஆயினும் இறுதியில் அவளையும் கதை மதனோடு இணைத்து உவகைக்குள் இழுத்துக்கொள்கிறது. வெளியே நின்று சிரித்தவளும் உள்ளே சென்றபின், நகையைத் தாங்க எவருமில்லை.

மன்னாரோ கதையின் மிகுந்த துன்பத்தைச் சுமப்பவர். உளவறிதல், பொய் கூறுதல், மறைதல் ஆகிய நகைச் செயல்களும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளன. கர்ணனே கட்டியங்காரனாகவும் ஆடவேண்டிய நிலை இது. கமல்ஹாசனின் அடங்கிய நடிப்பு கர்ணனுக்குப் பொருந்துகிறது; அதனாலேயே கட்டியங்காரனுக்கு இடமில்லாது போகிறது.

வெனிஸ் காட்சிகளின் தனிமை

படத்தின் இறுதிப்பகுதியில் வேகமும் குழப்பமும் திடீரென மிகுகின்றன. ஒருவரை மற்றவராகக் காட்டுதலும், அறைக்கு அறை மறைதலும், மதுமயக்கமும் அடுத்தடுத்து வருகின்றன. தனித்து நோக்கின் இக்காட்சிகளுள் சில நன்கு அமைந்தவையே. ஆனால் ஆள்மாறாட்ட நகைக்கு வேண்டிய பழக்கத்தைப் படம் முன்னரே ஏற்படுத்தவில்லை. கூத்தில் கட்டியங்காரன் முதலிலேயே வந்து, இவ்விரவில் சிரிக்கலாம் என அவைக்கு ஒப்புதல் தருகிறான். இப்படத்தில் அவ்வொப்புதல் கதை முடியும் தறுவாயில் தரப்படுகிறது. அழுகைக்கும் இந்நகைக்கும் இடையே, கூத்தின் கற்பூர ஒளி போன்ற எல்லைக்குறியும் இல்லை. மனைவியைக் கொன்ற விபத்தில் தொடர்புடையவள் அவளே எனும் வெளிப்பாட்டுக்குப் பின், அவ்விபத்துக்குக் காரணமான ஐயமுடையவரை ஏமாற்றும் விளையாட்டு தொடங்குகிறது. பார்வையாளரின் உள்ளம் முந்தைய காட்சியிலேயே நின்றுவிடுகிறது.

தோல்வியின் மதிப்பு

இத்தோல்வியைக் குறையாக மட்டும் கொள்ளுதல் நேர்மையாகாது. ஐயத்துக்கு ஆளான பெண்ணைக் கண்டு சிரிக்க வைப்பது தமிழ்த் திரைப்படத்தில் எளிய வழி. விருப்பமில்லாத பெண்ணை விடாது பின்தொடர்தலை நகையாகக் காட்டிய படங்கள் வணிக வெற்றி பெற்றதுண்டு. 2016இல் வெளிவந்த ‘ரெமோ’ பெண் செவிலியர் வேடமிட்டுக் காதலியை ஏமாற்றும் கதை. பின்தொடர்தலை இயல்பாக்குகிறது எனும் கண்டனத்துக்கு அப்படம் உள்ளாயிற்று. அத்தகைய படங்களில் பொய்யின் விலையைப் பெண்ணே செலுத்துகிறாள். அவ்விலை பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கப்படுவதால் சிரிப்பு தடைபடுவதில்லை.

‘மன்மதன் அம்பு’ அவ்விலையை மறைக்கவில்லை. ஐயம் உயிரைக் கொல்லும் எனக் காட்டியது; உளவு ஒரு பெண்ணின் பெயரை அழிக்கும் எனக் காட்டியது. காட்டியபின் சிரிக்கவும் அழைத்தது. காட்டியதனாலேயே அழைப்பு பயன்படவில்லை. மறைத்திருந்தால் சிரிப்பு எழுந்திருக்கக்கூடும். சிரிப்பு எழாத இடம் அப்படத்தின் அறவுணர்வு நிற்கும் இடமாகவும் உள்ளது. காதல் நகைச்சுவைப் படங்களை மதிப்பிடுவோர், சிரிப்பு எழுந்ததா என்பதோடு, எதனை மறைத்ததால் எழுந்தது என்றும் வினவவேண்டியுள்ளது.

முடிவுரை

காதல் நகைச்சுவைத் திரைப்படத்தை நகையும் உவகையும் சேர்ந்த வடிவமாகக் கொண்டு ஆராய்தல் இயலும். ‘மன்மதன் அம்பு’ படத்தில் உவகையின் களங்களும் அழுகையின் நான்கு களங்களும் வலுவாக அமைந்துள்ளன. இடைப்பட்ட நகை இடம்பெறாது போகிறது. அவலம் கலந்தமை இதற்குப் போதிய காரணமன்று என்பதை ‘மிஸ்ஸியம்மா’, ‘பஞ்சதந்திரம்’ ஆகிய படங்களும் தெருக்கூத்தும் காட்டுகின்றன. மடன் உயிர்க்கேட்டில் முடிவதும், பொய்யின் விலையைக் குற்றமற்றவள் செலுத்துவதும், துன்பம் சுமப்பவரிடமே நகையும் ஒப்படைக்கப்படுவதும், அழுகைக்கும் நகைக்கும் இடையே எல்லை வகுக்கப்படாமையும் காரணங்களாகும்.

மெய்ப்பாட்டியலைச் சங்கச் செய்யுளுக்கு மட்டும் உரிய இலக்கணமாகக் கொள்ளாது, இக்கால நிகழ்த்துகலைகளின் வெற்றி தோல்விகளை அளக்கும் கருவியாகவும் கொள்ளலாம் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. தெருக்கூத்துக் கலைஞர் நூல்வழியன்றி வழக்குவழிக் காத்துவரும் நகைமுறையும் அவ்வளவில் இலக்கணச் சான்றாகக் கொள்ளத்தக்கதே. கட்டியங்காரனுக்கு இழக்க எதுவுமில்லை. அதனால்தான் அனைத்தையும் இழப்பவர்கள் நடுவில் நின்று அவனால் அவையைச் சிரிக்க வைக்க முடிகிறது. துன்பத்தை மெய்யாகக் காட்டவும் சிரிக்க வைக்கவும் ஒருங்கே விரும்பும் திரைக்கதையாசிரியர் அவனிடம் கற்கவேண்டியது இதுவே.